ஓ ஒன்றா, இரண்டா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. வெளிநாட்டு ஆர்டர்களுக்கு மெயில் எழுதுவது என் பொறுப்பு. கொலுசுத் திருகு தொலையாமல் இருக்கத் தனிப் பையில் போட்டிருக்கிறோம் என்று ஒருமுறை ஆங்கிலத்தில் எழுதினேன். தொலைவதைக் குறிக்கும் lose என்பதற்குப் பதில், தளர்வைக் குறிக்கும் loose என்று போட்டுவிட்டேன். திருகு தளர்வாக இருக்கிறதோ என்று நினைத்து அவர்கள் ஆர்டரையே நிறுத்திவிட்டார்கள். இரவெல்லாம் தூக்கமில்லை.

தமிழில் எழுதினால் இரண்டு சொல்லும் 'லூஸ்'தான். சிக்கலே அங்கேதான். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். தளர்வைக் குறிக்கும் லூஸ், 'பஸ்' போல முடிகிறது. கடைசியில் தொண்டை அதிரவில்லை. தொலைப்பதைக் குறிக்கும் லூஸ் வண்டு ரீங்காரம் போல அதிர்ந்து முடிகிறது. அந்த ஒலிக்கு நம் நெடுங்கணக்கில் எழுத்தில்லை, காதும் பிரித்துப் பழகவில்லை. அதிராத லூஸுக்கு இரண்டு ஓ. அதிரும் லூஸில் ஒரு ஓ தொலைந்துபோயிற்று! இப்படி வைத்துக்கொண்ட பிறகு கை தடுமாறவில்லை.

  

விளக்கி மறுபடி எழுதினேன். நான்காம் நாள் ஆர்டர் திரும்பி வந்தது.