இருபது பைசாவும் பழைய பொத்தானும் பதித்த டீப்பாய்

நாணயமும் பொத்தானும் பதித்த மேசை செய்ய ஆசையா? மேலே ஊற்றினால் கண்ணாடிபோல இறுகும் ரெசின் என்ற பிசினை வாங்க உடனே கடைக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டிலிருக்கும் டப்பாக்களை ஒரு பழைய வேட்டியின் மேல் கொட்டுங்கள். எங்கள் குமரி மாவட்டத்துக் குளச்சல் பக்கத்தில் அப்படி ஒரு டப்பா இல்லாத வீடு கிடையாது. பிஸ்கட் டின்னில் தையல் மிச்சப் பொத்தான்கள், பூட்டைத் தொலைத்த சாவிகள், பல்லாங்குழிச் சோழி, வளைகுடாவிலிருந்து யாரோ பையில் போட்டுக்கொண்டு வந்த திர்ஹம் சில்லறை, ஓடாத கைக்கடிகாரம் என்று எல்லாம் கிடக்கும். போதாவிட்டால் பழைய சாமான் விற்கும் ஆக்கர் கடையில் எடைக்குக் கிடைக்கும். ஆனால் வீட்டு டப்பாதான் நல்லது என்பது என் கட்சி. சுற்றுலாக் கடையில் பாக்கெட்டாக விற்கும் சிப்பிகளை வாங்கிப் பரப்பிச் செய்த மேசை, ஓட்டல் வரவேற்பறைக்குப் பொருந்தும், வீட்டுக்குப் பொருந்தாது.

நான் கடற்கரையில் பைபர் வள்ளங்களுக்கு ரெசின் பூசிப் பழகிய ஆள். இப்போது அதே கைகளால் டீப்பாய்க்கு மேல்பலகை செய்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எந்த ரெசின் நல்லது என்றுதான். உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள், அது காய்ந்திருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த வேலையில் கெட்டுப்போவதில் முக்கால்வாசி, ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கெட்டுப்போயிருக்கும்.

ஒரு மேசைக்கு இரண்டு வகைப் பொருள் போதும். சில்லறையும் பொத்தானும், சாவியும் சோழியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வகைகளைக் கலந்தால் கண் எதிலும் நிற்காது. சில்லறையில் எனக்குப் பிடித்தது அலுமினிய இருபது பைசா. ஆறு பக்கம் இருப்பதால் தேனடையைப்போல இடைவெளியே இல்லாமல் சேர்த்து அடுக்கலாம். ஐந்து பைசா சதுரம். அதுவும் அடுக்க வசதி. பத்து பைசாவின் ஓரம் நெளிநெளியாக இருப்பதால் நடுவில் சந்து விழும், அங்கே சட்டைப் பொத்தான்களைச் செருகலாம். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30 அன்றோடு செல்லாமல் போய்விட்டன என்பதால் மனக்கஷ்டம் இல்லை. ஆனால் பாட்டியின் பெட்டியில் திருவிதாங்கூரின் சக்கரம், காசு என்ற பழைய நாணயங்கள் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடுதான் இருந்தது. அதனால் பழைய தறவாட்டு வீடுகளில் இன்னும் அவை அகப்படுகின்றன. ரெசினுக்குள் போன பொருள் திரும்பி வராது. பேரன் கேட்டால் உடைத்துக் கொடுக்கவும் முடியாது.

சிலவற்றைச் சட்டமே தடுக்கிறது. பவளப்பாறைத் துண்டும் கடல் குதிரையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் ஒதுங்கிக் கிடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. சில பெரிய சங்கு, சிப்பி வகைகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. பெயர் தெரியாத பெரிய சங்கை விட்டுவிடுவதே நல்லது. அடுத்தது மணல். தேவியின் பாதியில் நின்ற கல்யாணத்துக்குச் சேர்த்த அரிசியும் தானியமும்தான் கன்னியாகுமரியில் நிறநிறமாக மணலாகிக் கிடக்கிறது என்று சிறுவயதில் கேட்டிருப்போம். அதில் சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட், மஞ்சளாய்த் தெரிவது மோனசைட். மோனசைட்டில் தோரியம் உண்டு, அதற்குக் கதிர்வீச்சு உண்டு. மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து ஒரு பை அள்ளி வந்து தினமும் சாப்பிடும் மேசையில் பதிக்க வேண்டாம். ஆசைக்கு, கடையில் விற்கும் சாயமிட்ட மணல் போதும்.

கொல்லாங்கொட்டையும், அதாவது முந்திரிக்கொட்டையும் வேண்டாம். தோலோடு பதித்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தோலிலுள்ள எண்ணெய் கையை எரிக்கும் என்பது அண்டி ஆபீஸ் என்ற முந்திரி ஆலையில் வேலை பார்த்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அது மெல்லக் கசிந்து ரெசினை ஒட்டவிடாமல் செய்துவிடும். வேடிக்கை என்னவென்றால், அதே எண்ணெயை ஆலையில் பக்குவப்படுத்தி, கப்பல் பெயின்ட்டில் சேர்க்கும், எபாக்சி வகை ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் ஒன்றைத் தயாரிக்கிறார்கள். நிறம் அடர்த்தி என்பதால் கண்ணாடிபோலத் தெளிவாக வர வேண்டிய நம் வேலைக்கு அது ஆகாது.

இனி காயவைப்பது. சோழி, சிப்பிகளைத் தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டு, மொட்டை மாடி வெயிலில் போட வேண்டும். ரப்பர் கொட்டையின் புள்ளித் தோல் ரெசினுக்குள் பளிச்சென்று தெரியும். ஆனால் உள்ளே பருப்பு இருக்கும்வரை ஈரமும் எண்ணெயும் இருக்கும். இரண்டாகப் பிளந்து, பருப்பை நீக்கிவிட்டு, ஓட்டை மட்டும் பயன்படுத்துங்கள். சிரட்டைத் துண்டுகளுக்கு நாரை முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கருங்காலிபோல வரும். காய்ந்ததா என்று தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் எடை போட்டு எழுதிவையுங்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போடுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் அது காய்ந்த பொருள். கைக்கடிகாரத்தைப் பதிப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும்.

காகிதம் வைக்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். கண்டக்டர் கிழித்துக் கொடுத்த பழைய வண்ண பஸ் டிக்கெட்டுகள் இருந்தால் நல்லதுதான். நேரடியாக ரெசின் பட்டால் எண்ணெய் பட்ட தாள்போல ஊடுருவித் தெரியும். வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, இரண்டு பக்கமும் ஓரங்களும் விடாமல், ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் மூன்று முறை பூச வேண்டும். இப்போது மெஷினில் அடித்துத் தரும் டிக்கெட் சூடு பட்டால் கறுக்கும் தாள். அதை ஜெராக்ஸ் எடுத்துப் பிரதியைப் பதியுங்கள்.

மரத்துக்கு, இடித்த வீட்டின் பழைய கதவுப் பலகையைவிட மேலானது இல்லை. அயனியோ பலாவோ தேக்கோ, எத்தனையோ மழையையும் வெயிலையும் பார்த்து அடங்கியிருக்கும். ஆசாரியிடம் கொடுத்து இழைத்து வாங்குங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. வேலைக்கு முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பலகையைச் சுற்றி ரீப்பர் என்ற மெல்லிய மரச்சட்டம் அடித்து விளிம்பு எழுப்புங்கள். உயரக் கணக்கு எளிது: உள்ளே வைப்பதில் எது உயரமோ அதற்கு மேல் 3 மில்லிமீட்டர். சாவியும் நாணயமும் என்றால் மொத்தம் 8 மில்லிமீட்டர் போதும். குழாய்த் திருகு மாதிரி ஒரே ஒரு உயரமான சாமானுக்காக மேசை முழுவதும் ரெசினைக் கொட்டிக் காசைக் கரைக்காதீர்கள். மூலைச் சந்துகளைச் சிலிகான் வைத்து அடையுங்கள். ரெசின் தண்ணீரைவிடக் கெட்டியாகத் தெரிந்தாலும், எறும்பு போகும் வழி இருந்தால் போதும், விடிவதற்குள் பாதி தரையில் இருக்கும்.

சாமான்களை அடுக்கிய பிறகு நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். கண்ணில் படாத சாய்வும் ஓட்டையும் படத்தில் தெரியும். திருப்தியானால் ஒவ்வொன்றையும் ஒரு சொட்டுப் பசையில் ஒட்டுங்கள். நாணயம் அசையாது. ஆனால் சிரட்டை, கொட்டை, மரத்துண்டு எல்லாம் மிதக்கலாம். ஒட்டாமல் விட்டால் ஊற்றிய மறுநிமிடம் ஊர்வலம் கிளம்பிவிடும்.

இப்போதுதான் ரெசின். வள்ள வேலைக்கு வாங்கும் ரெசின் இங்கே எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதையே ஊற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது பாலியஸ்டர். இறுகும்போது சுருங்கும், நிறம் தட்டும், அதன் வாடை அறையை விட்டுப் போக நாளாகும். அதோடு அதை இறுகவைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். தெரியாதவர் கையில் கொடுக்கக் கூடாத பொருள். மேசைக்கு எபாக்சி. டப்பாவில் மேல்பூச்சுக்கு என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

எவ்வளவு வேண்டும்? நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கினால் மில்லி கணக்கு வரும். 60க்கு 45 பலகை, 0.8 ஆழம் என்றால் 2,160 மில்லி. சாமான்கள் அடைக்கும் இடத்தைக் கழிக்க, அவற்றை ஒட்டுவதற்கு முன்பே ஒரு வாளி விளிம்புவரை தண்ணீர் வைத்து உள்ளே போட்டு, வழிந்ததை அளந்துவிட வேண்டும். கொட்டை, மரத்துண்டு எல்லாம் மிதக்கும் என்பதால் முழுக்க மூழ்கும்படி அழுத்திப் பிடியுங்கள். பிறகு திரும்பக் காயவைக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். வழிந்தது 500 மில்லி என்றால் மீதி 1,660. கப்பில் ஒட்டி வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 1,830 மில்லி. எடையில் சுமார் 2 கிலோ.

காலம் பார்த்து ஊற்றுங்கள். நமக்கு இரண்டு மழைக்காலம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஊற்றினால் மேலே வெள்ளையாக, மெழுகு தடவியதுபோலப் பிசுபிசுப்புப் படியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் ஊற்றுவது நல்லது. ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிப் பக்கம் மண்ணை அள்ளி வீசும் நாட்களில் ஜன்னல் திறந்த அறையில் இந்த வேலை நடக்காது. ஐப்பசி மழை ஓய்ந்த மாலையில் ட்யூப்லைட்டின் கீழ் ஊற்றினால் ஈசல் கூட்டம் இறங்கும். அதையும் அலங்காரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். ரப்பர் விளையும் மாவட்டக்காரன் இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனால் ரப்பர் கையுறை இந்த வேலைக்குத் தாங்காது. தோலில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள். சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால் பிறகு ஒவ்வொரு முறையும் அரிக்கும். ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடியும் வேண்டும்.

பலகையை ரசமட்டம் வைத்து இரு திசையிலும் சரிபாருங்கள். முதலில் கொஞ்சமாக ரெசின் கலந்து, மரத்துக்கும் சாமான்களுக்கும் பிரஷ்ஷால் மெல்லப் பூச வேண்டும். மரத்தின் துளைகளிலிருந்து வரும் காற்று இந்தப் பூச்சோடு அடங்கிவிடும். இதை விட்டவர்களின் மேசையில் மறுநாள் சோடா குமிழிபோல நூறு குமிழி நிற்கும். வாய் திறந்த சோழிகளை மேல்நோக்கி வைத்து, குச்சியால் சொட்டுச் சொட்டாக நிரப்புங்கள்.

ரெசினோடு ஹார்டனரைக் கலக்கும் அளவு டப்பாவில் போட்டிருக்கும். அது கன அளவா எடையா என்பதைப் படியுங்கள், இரண்டும் ஒன்றல்ல. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் இறுகாது, பிசினாகவே நிற்கும். நுரை எழாமல் மெதுவாக நான்கைந்து நிமிடம், ஓரமும் அடியும் வழித்துக் கலக்கி, வேறு கப்புக்கு மாற்றி மறுபடி ஒரு நிமிடம் கலக்குங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் கலந்தது இறுகத் தொடங்கும்வரை கையிலிருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். ஆகவே நம்மூர் மதியத்தில் டப்பாவில் போட்ட நிமிடக் கணக்கை நம்ப வேண்டாம். கலந்ததைக் கப்பிலேயே வைத்திருந்தால் தானே சூடேறிப் புகையும். உடனே பலகையில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். மிஞ்சியதைத் தட்டையான தட்டில் ஊற்றி வெளியே வையுங்கள்.

ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர் கனம் போதும். குமிழி எழும்பினால் சூட்டுக்காற்று வீசும் ஹீட் கன்னை ஒரு சாண் உயரத்தில் நிறுத்தாமல் நகர்த்திச் செல்லுங்கள். ஒரே இடத்தில் நின்றால் பிளாஸ்டிக் பொத்தான் வளைந்துவிடும். நான்கு செங்கல் மேல் சுத்தமான பிளைவுட் பலகையை வைத்து மூடுங்கள். சில மணி நேரத்தில், கையுறை விரலால் தொட்டால் தடம் விழும், ரெசின் ஒட்டி வராது என்ற பதம் வரும். அப்போது அடுத்ததை ஊற்றலாம். அந்தப் பதம் தவறி முழுக்க இறுகிவிட்டால், சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, 220 நம்பர் உப்புத்தாளால் மங்கும்வரை தேய்த்த பிறகே ஊற்ற வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைப்போலப் பளபளக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் போட்ட தரை என்று அதைச் சொல்வார்கள். என்ன சேர்த்தாலும் அந்த மினுக்கம் தேய்த்துத் தேய்த்து வந்தது. கடைசிப் பூச்சில் தூசி விழுந்திருந்தால் நீங்களும் தேய்க்க வேண்டியதுதான்: தண்ணீர் விட்டு 400, 800, 1000, 2000 என்று ஏறி, கடைசியில் கார் பாலிஷ். எனக்குச் சொந்த விருப்பம் 1000த்தோடு நிறுத்துவது. அதற்கு மேல் போனால் நாணயத்துக்குப் பதில் கூரையின் மின்விசிறிதான் தெரிகிறது.

மறுநாளே கை வைக்கலாம், ஆனால் ஏழு நாள் கழியாமல் பொருள் வைக்காதீர்கள். வெயில் விழும் வராந்தாவில் போட்டால் மஞ்சளடிக்கும். காய்கறி நறுக்கும் பலகையாக அதைப் பயன்படுத்தக் கூடாது. கொதிக்கக் கொதிக்கச் சாயா டம்ளரை நேராக வைத்தால் வட்டத் தடம் விழும். தடம் மேலோட்டமாக இருந்தால் 1000 நம்பர் தாளும் பாலிஷும் அதை எடுத்துவிடும். விரலால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால் மேசை முழுவதையும் 220 போட்டுத் தேய்த்து இன்னொரு பூச்சு ஊற்ற வேண்டும். அதற்கும் விளிம்பில் இடம் வேண்டும் என்பதால், ரீப்பரை அடிக்கும்போதே 2 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டுவையுங்கள்.