கம்பளி, மோஹேர் மானியம்: விற்ற பிறகு விண்ணப்பிப்பதும் பிற தவறுகளும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள எட்வர்ட்ஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு), சுண்ணாம்புப் பாறையும் புதர்க்காடும் நிறைந்த மேட்டு நிலம். உழவுக்கு உதவாத அந்நிலத்தில் செம்மறிகளும், மோஹேர் தரும் அங்கோரா வெள்ளாடுகளும் தலைமுறைகளாக வளர்க்கப்படுகின்றன. அங்குள்ளோருக்குக் கிடைக்கக்கூடிய அரசு உதவி கைநழுவிப் போவதற்குப் பெரும்பாலும் தகுதிக் குறைவு காரணமாக இருப்பதில்லை. வேலைகளைச் செய்யும் வரிசை பிசகுவதே காரணம்.

முதல் தவறு, பழைய திட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்கிடுவது. 1954-ஆம் ஆண்டின் தேசிய கம்பளிச் சட்டப்படி, விற்பனைச் சீட்டைக் காட்டினால் விற்ற விலையின் மீது ஊக்கத்தொகை கிடைத்தது. அதிக விலைக்கு விற்றவருக்கு அதிக மானியம் என்பது அதன் விந்தையான விதி. அத்திட்டம் 1995-உடன் முடிந்துவிட்டது. 2002-ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் கொண்டுவந்தது வேறொன்று: கம்பளியையோ மோஹேரையோ ஈடாக வைத்து ஒன்பது மாதக் கடன் பெறலாம், அல்லது, அரசு அறிவிக்கும் சந்தை விலை கடன் விகிதத்துக்கு, அதாவது ஒரு பவுண்டு எடைச் சரக்குக்குக் கடனாகத் தர நிர்ணயித்த தொகைக்கு, கீழே இறங்கும்போது, கடன் வாங்காமலேயே அந்த வேறுபாட்டைத் தொகையாகப் பெறலாம். சந்தை விலை உயர்ந்திருந்தால் ஒன்றும் கிடைக்காது. ஒரே சரக்குக்கு இரண்டையும் பெறவும் முடியாது.

பழைய திட்டத்தின் இந்த நினைவிலிருந்தே மிகப் பெரிய தவறு பிறக்கிறது. சரக்கின் மீதான உரிமை விண்ணப்பதாரரிடம் இருக்கும்போதே அமெரிக்க வேளாண் துறையின் வேளாண் சேவை முகமைக்குரிய கவுண்டி அலுவலகத்தில் அதற்குரிய படிவத்தின் முதல் பக்கத்தைக் கொடுத்துவிட வேண்டும். விற்றுப் பணம் வாங்கிய பின் சீட்டோடு போய் நிற்பவருக்கு, அவர் எத்தனை நேர்மையான உற்பத்தியாளராக இருந்தாலும், அந்தச் சரக்குக்கு எதுவும் கிடைக்காது. கிடங்கில் விற்பனைக்காக ஒப்படைப்பது மட்டும் உரிமையை மாற்றிவிடாது. ஆனால் கிடங்குக்காரரோடும் வணிகரோடும் கையெழுத்திடும் தாளில் உரிமை எப்போது கைமாறுகிறது என்று எழுதியிருப்பதைப் படிக்காமல் விடுவது ஆபத்தானது. ஆடுகளை ரோமம் கத்தரிக்கும் முன்பே இப்படிவத்தைக் கொடுத்துவிடுவதுதான் என் பார்வையில் புத்திசாலித்தனம்.

தரம் பிரித்த கம்பளிக்கும் பிரிக்காத கம்பளிக்கும் கடன் விகிதம் வெவ்வேறு. 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை பவுண்டுக்கு 1.15 டாலரும் 40 சென்டுமாக இருந்தன. உயர்ந்த விகிதத்தைப் பார்த்துவிட்டு, ஆய்வகச் செலவு செய்து இழையின் நுண்மையை அளந்து தரம் பிரித்தால் மானியம் தானாகக் கூடும் என்று எண்ணுவது பிழை. மெல்லிய இழைக் கம்பளியின் சந்தை விலை அதற்குரிய விகிதத்தைத் தாண்டி நிற்கும் நாளில் அந்த வழியில் மானியமே இராது. இரு வழிகளையும் அன்றைய அறிவிப்போடு ஒப்பிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

வெட்டுக்கு அனுப்பும் செம்மறிக் குட்டிகளின் கத்தரிக்கப்படாத தோலுக்கும் தொகை உண்டு என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. விற்பதற்கு முன் குறைந்தது 30 நாள்கள் அவற்றை வைத்திருந்திருக்க வேண்டும் என்பதால், வாங்கிய கையோடு விற்கும் வியாபாரிக்கு அது பொருந்தாது. வருமான உச்சவரம்பு, நிலப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான உறுதிமொழிப் படிவங்களும் நிலுவையின்றி இருக்க வேண்டும். கத்தரித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் ஜனவரி 31-க்குப் பின் வரும் விண்ணப்பம் ஏற்கப்படாது.