டாஃபடில் மலர்களை எங்கே, எப்போது காணலாம்?

டாஃபடில் என்னும் மஞ்சள் மலர்களைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வர்த் எழுதிய கவிதையில் மனம் பறிகொடுத்து இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்குச் செல்ல விரும்புவோர், அவர் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த கிராஸ்மியர் கிராமத்து வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். அம்மலர்களை அவரும் தங்கை டோரதியும் கண்டது, 1802 ஏப்ரல் 15 அன்று, அங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள அல்ஸ்வாட்டர் ஏரியின் கரையில்தான். காட்டு டாஃபடில்கள் மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பூக்கும் என்பதால், கோடை விடுமுறையில் சென்றால் ஏரியைக் காணலாமே தவிர, பூக்களைக் காண இயலாது. புறப்படுமுன் அந்நாளைப் பற்றிய டோரதியின் நாட்குறிப்பைப் படித்துவிடுங்கள். காற்றும் அலையும் மரங்களும் எப்படி இருந்தன என்பதை அறிய, என் கருத்தில், கவிதையைவிட அதுவே நல்ல வழிகாட்டி. லண்டனிலிருந்து வருவோர் ஆக்ஸன்ஹோம் நிலையத்தில் ரயில் மாறி, ஏரி மாவட்டத்தில் உள்ள வின்டர்மியர் வரை ரயிலிலேயே வரலாம். பயணிகள் கூட்டம் பெருகும் என்று அஞ்சி 1844-இல் வேர்ட்ஸ்வர்த் கடுமையாக எதிர்த்த பாதை அது! ஏரி மாவட்டப் பேருந்துகளின் நேரம் பருவத்துக்கேற்ப மாறுவதால், அட்டவணையை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.