முதலில் நெக், கடைசியில் பிக்கப்: வீட்டிலேயே கிட்டார் செட்டப்

என்னிடம் இருப்பது ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவ எலெக்ட்ரிக் கிட்டார். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், 22 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த கம்பிகள்), தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ். அது பின்பக்கம் ஸ்ப்ரிங் வைத்த ட்ரெமொலோ வகை, அசைத்தால் சுருதி ஏறி இறங்கும். ஞாயிறு ஆராதனையில் வாசிக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன் தந்திகள் மேலே ஏறிப்போய், ஏழாவது ஃப்ரெட்டில் பார் கார்ட் (ஒரே விரலால் பல தந்திகளை அழுத்துவது) பிடித்தாலே மணிக்கட்டு வலித்தது. ஒரு கடையில் செட்டப் செய்ய, அதாவது வாசிக்க வசதியாக அளவுகளைச் சரிசெய்யக் கொடுத்தேன். பிரிட்ஜில் தந்திகள் உட்காரும் சின்னத் தாங்கிகளான சாடில்களை அடிவரை இறக்கித் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். உயரம் குறைந்தது உண்மை. ஆனால் 12-வது ஃப்ரெட்டுக்கு மேல் எந்தத் தந்தியை மீட்டினாலும் கரகரவென்றது. சாடில் திருகுகளின் முனை மேலே துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறியது.

கோளாறு சாடிலில் இல்லை, கிட்டாரின் கழுத்தான நெக்கில். நெக் தந்திகளின் இழுப்புக்கு முன்பக்கம் வளைந்திருந்தது. அதை நிமிர்த்தாமல் சாடிலை இறக்கியதால்தான் இத்தனை தொல்லையும். அன்றிலிருந்து நானே செய்கிறேன், வரிசையை மாற்றுவதே இல்லை: நெக், தந்தியின் உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுரம் சரியாக நிற்பது), பிக்கப். முன்னால் உள்ளதைத் தொட்டால் பின்னால் உள்ளது எல்லாம் மாறும். அதனால் கடைசியில் இருந்து தொடங்கினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டி வரும்.

சாமான் அதிகம் வேண்டாம். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், ஆலன் கீ செட், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், கேப்போ (தந்திகளை ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), ட்யூனர். இவற்றோடு ஒரு ஃபீலர் கேஜ், சின்ன இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு. டேப்பட் செட் செய்ய பைக் மெக்கானிக் வைத்திருப்பாரே, அதேதான். என்னுடையது மெக்கானிக்காக இருக்கும் சித்தப்பா கொடுத்தது. சென்னையில் ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டால் கிடைக்கும். அதில் 0.25 மி.மீ. தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எதையும் திருகுவதற்கு முன் புதுத் தந்தி போடுங்கள், எப்போதும் வாசிக்கும் அதே தடிமனில். நான் 9-42 போடுகிறேன், அதாவது மெல்லிய தந்தி 0.009 அங்குலம், தடித்தது 0.042. ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 38 கிலோ இழுப்பு. 10-46 போட்டால் அது 46 கிலோவுக்கு மேல் போகும். நெக்கும் பிரிட்ஜும் அந்த இழுப்புக்கு ஏற்பத்தான் நிற்கின்றன, ஆகவே தடிமனை மாற்றினால் செட்டப்பையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெல்ல இழுத்துவிட்டு, சுருதி இறங்காமல் நிற்கும்வரை ட்யூன் செய்யுங்கள். தலைப் பக்கம் தந்திகளைத் தாங்கும் சின்னப் பட்டையான நட்டின் பள்ளங்களில் பென்சில் முனையால் கொஞ்சம் தேய்த்துவிட்டால் தந்தி சிக்காமல் வழுக்கும்.

ட்யூன் செய்த பிறகு பிரிட்ஜைப் பக்கவாட்டில் பாருங்கள். ட்ரெமொலோ மிதக்க வேண்டும், அதாவது இரண்டு பக்கமும் அசைய வேண்டும் என்றால், பிரிட்ஜ் தகட்டின் பின் விளிம்புக்கும் உடம்புக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அதிகமாகத் தூக்கியிருந்தால் பின்மூடியைக் கழற்றி, ஸ்ப்ரிங்குகள் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு திருகையும் இறுக்கி, மறுபடி ட்யூன் செய்யுங்கள். நான் ட்ரெமொலோவைப் பயன்படுத்துவதில்லை. அதனால் திருகுகளை நன்றாக இறுக்கி, பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி உட்காரும்படி விட்டுவிட்டேன். பிரிட்ஜ் அசையாததால், ஆராதனை நடுவே ஒரு தந்தி அறுந்தாலும் மற்ற ஐந்தும் சுருதியில் நிற்கும் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இப்போது நெக். கிட்டாரை மேசையில் மல்லாக்கப் படுக்க வைக்காமல், வாசிப்பதுபோல மடியில் வைத்து அளவெடுங்கள். படுக்க வைத்தால் அதன் எடையே நெக்கை அசைத்து அளவை ஏமாற்றும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, தடித்த ஈ (E, ஆறாவது) தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். அந்தத் தந்தியே இப்போது நேர்க்கோடு. எட்டாவது ஃப்ரெட்டின் தலைக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று ஃபீலர் கேஜால் பாருங்கள். என்னுடையதுபோல ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட்டுகள் பதித்த பலகை) வளைவின் ஆரம் 9.5 அங்குலம் உள்ள நெக்குக்கு, ஸ்ட்ராடோகாஸ்டரைச் செய்யும் ஃபெண்டர் நிறுவனம் சொல்வது 0.25 மி.மீ. அதிரும் தந்தி நடுவில்தான் அகலமாக ஆடும் என்பதால் இந்தச் சிறு குழிவு தேவை. கடையிலிருந்து வந்த அன்று என் கிட்டாரில் 0.6 மி.மீ. இருந்தது.

நெக்கின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். அதன் முனை என் கிட்டாரில் தலைப் பக்கம் இருக்கிறது, 4 மி.மீ. ஆலன் கீ போகும். உங்களுடையதற்கு எது கச்சிதமாக உட்காருகிறதோ அதை மட்டும் போடுங்கள். கொஞ்சம் தளர்வான கீயைப் போட்டுத் திருகினால் உள்ளே முனை மழுங்கிவிடும், அதைச் சரிசெய்வது பெரிய செலவு. இடைவெளி அதிகமாக இருந்தால் வலப்பக்கம் திருகுங்கள், நெக் நிமிரும். இடைவெளியே இல்லாவிட்டால் இடப்பக்கம். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். பிறகு ட்யூன் செய்து, பத்து நிமிடம் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். எனக்கு மூன்று கால் சுற்று பிடித்தது, ஒரே நாளில் செய்யாமல் இரண்டு நாளாகச் செய்தேன். கீ நகர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அது கிட்டார் ரிப்பேர் தெரிந்தவரின் வேலை.

அடுத்து உயரம். கேப்போவைக் கழற்றிவிட்டு, 17-வது ஃப்ரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிவரை அளங்கள். 1.6 மி.மீ. நல்ல தொடக்கம். நான் கொஞ்சம் அழுத்தி வாசிப்பதால் தடித்த ஈ-யை 1.8-இல் வைத்திருக்கிறேன். 1954-இல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தபோதே ஆறு தந்திக்கும் தனித்தனி சாடில் வைத்துவிட்டார்கள், அதனால் ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றி இறக்கலாம். சாடிலின் இரண்டு சின்னத் திருகுகளையும் சம அளவில் திருகி, சாடில் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுத் தந்திகள் ஃபிங்கர்போர்டின் வளைவைப் பின்பற்றி, ஓரத் தந்திகளைவிட லேசாக மேலே நிற்க வேண்டும்.

கரகரப்பு எங்கே வருகிறது என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள், காரணம் தெரிந்துவிடும். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் வந்தால் நெக் அளவுக்கு மீறி நிமிர்ந்திருக்கலாம். மேல் ஃப்ரெட்டுகளில் வந்தால் தந்தி தாழ்வு, அல்லது என் கதைபோல நெக் வளைவு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வந்தால் அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கலாம். வெறும் தந்தியில் மட்டும் வந்தால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. நட்டை நான் அரத்தால் தொட மாட்டேன். ஒரு இழை அதிகம் தேய்ந்துவிட்டால் திரும்ப வராது.

பிறகு இன்டொனேஷன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வீணைக்கு மேளம் கட்டுகிறவர்கள் மெழுகின் மேல் ஒவ்வொரு மெட்டையும் (வீணையின் ஃப்ரெட்) நகர்த்தி, காதால் கேட்டு சுரத்தை நிறுத்துவார்கள். கிட்டாரில் ஃப்ரெட் அசையாது. அதனால் தந்தியின் நீளத்தை மாற்றுகிறோம். தந்தியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டு சுருதி ஏறுகிறது. அந்த ஏற்றத்தை ஈடுகட்டத்தான் சாடிலைப் பின்னுக்குத் தள்ளி வைப்பது. தந்திக்குத் தந்தி இந்த ஏற்றம் வேறு, ஆகவே சாடில்கள் ஒரே வரிசையில் நிற்காது. அது கோளாறு இல்லை.

12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டி, ஹார்மோனிக் என்ற மணி போன்ற ஒலியை எழுப்புங்கள். அதே ஃப்ரெட்டில் சாதாரணமாக அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ட்யூனரில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலை நெக்கிலிருந்து விலக்கிப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. ஒவ்வொரு முறையும் மறுபடி ட்யூன் செய்த பிறகே ஒப்பிடுங்கள். விரலை இறுக்கி அழுத்தினால் சுருதி ஏறி, அளவே தவறாகிவிடும். வாசிக்கும்போது அழுத்துகிற அதே அளவு போதும்.

கடைசியாகப் பிக்கப். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, பிக்கப்பின் காந்த முனைக்கும் தந்திக்கும் இடையே அளங்கள். சிங்கிள் காயிலுக்குத் தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. சரியாக வரும். சத்தம் கூடட்டும் என்று ஒருமுறை நெக்குக்கு அருகிலுள்ள பிக்கப்பை நன்றாக மேலே ஏற்றினேன். தடித்த ஈ-யில் மேல் ஃப்ரெட்டுகளில் இரண்டு சுருதி சேர்ந்து அலைவதுபோல் கேட்டது. இன்டொனேஷன்தான் போயிற்று என்று ஒரு மாலை முழுக்க சாடிலோடு போராடினேன். காந்தம் தந்தியை இழுத்ததுதான் காரணம். இரண்டு சுற்று இறக்கியதும் தெளிந்துவிட்டது.

எல்லா அளவையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். சென்னை ஈரத்துக்கும் ஏசி அறைக்கும் நடுவே மரம் அசைந்துகொண்டே இருக்கும். அதனால் ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு முறை, அக்னி நட்சத்திரம் முடிந்ததும் ஒரு முறை, எட்டாவது ஃப்ரெட்டையும் 17-வது ஃப்ரெட்டையும் மட்டும் அளந்து பார்க்கிறேன். நோட்டில் உள்ள அளவோடு ஒத்துப்போனால் ஆலன் கீயைக் கையில் எடுப்பதில்லை.