அறுவைக் கத்திரிக்கோலுக்குச் சுங்கக் குறியீடு கண்டுபிடிப்பது எப்படி?

"கத்திரிக்கோல் என்றால் 8213 தானே?" இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கிளியரிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். சுங்கப் பட்டியலில் கத்திரிக்கோலுக்கான எண் அது; துணிக்கடைக் கத்திரிக்கோலுக்குச் சரி. ஜெர்மனியின் டுட்லிங்கனிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கிய அறுவைக் கத்திரிக்கோலுக்குச் சரிவராது.

படி 1: இன்வாய்ஸை நம்பாதீர்கள்

"சர்ஜிகல் செட் – 1" என்று ஒற்றை வரி இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் தனி வரியுள்ள பட்டியலையும் கேட்டலாக்கையும் கேட்டு வாங்குங்கள். தொடக்க காலத்தில் அந்த ஒற்றை வரியை நம்பி முழுப் பெட்டிக்கும் ஒரே குறியீடு போட்டேன். பரிசோதனையில் அதிகாரி உள்ளிருந்து தையல் நூல் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். கிருமி நீக்கிய தையல் நூல் 3006. ஊசி மட்டும் தனியாக வந்தால் 9018 32.

படி 2: முதல் நான்கு இலக்கம்

8213 இருப்பது சுங்கப் பட்டியலின் 15ஆம் பிரிவில், அதாவது உலோகப் பொருள்களின் பிரிவில். அந்தப் பிரிவின் முதல் குறிப்பே, 18ஆம் பிரிவின் கருவிகள் இங்கே வராது என்று விலக்கிவிடுகிறது. மருத்துவ, அறுவைக் கருவிகளுக்கான 9018 அந்த 18ஆம் பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் இது அறுவைக்கானதுதான் என்று எப்படிக் காட்டுவது? உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் வழி சொல்கின்றன: தனி வடிவம், கிருமி நீக்குவதற்காக எளிதில் கழற்றும் வசதி, உயர்ந்த செய்நேர்த்தி, உலோகத்தின் தன்மை, பெட்டியில் அடுக்கிய விதம். மெட்சன்பாம் என்ற அறுவைக் கத்திரிக்கோலைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டு நீளம், வெட்டும் அலகோ குட்டை, நுனி மழுங்கல். மென்திசுவுக்காகவே செய்தது, தையல்காரர் இதை வைத்துக்கொண்டு ஒரு சட்டைகூட வெட்ட முடியாது.

எலும்பில் பொருத்தும் தகடும் திருகும் 9021க்குப் போகும். அறுவை மேஜை 9402, கிருமி நீக்கும் இயந்திரம் 8419.

படி 3: எட்டு இலக்கம்

இந்தியப் பட்டியலில் கத்தி, கத்திரிக்கோல், பிளேடு 9018 90 22. ஃபோர்செப்ஸ் (இடுக்கி), கிளாம்ப், ஊசிபிடி 9018 90 23. அதே வரிசையில் கடைசி இரண்டு இலக்கம் எலும்பு ரம்பத்துக்கு 21, உளிக்கு 24, திசுவை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டருக்கு 25. இங்கே ஒரு பொறி உண்டு: கண் அறுவைக்கான கத்திரிக்கோல் 22க்கு வராது, கண் மருத்துவக் கருவிகளுக்கான 9018 50க்குப் போகும். எதிலும் பொருந்தாதவற்றுக்கான "மற்றவை" வரியைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

படி 4: தீர்வையும் பதிவும்

வரி விகிதங்களைப் பழைய பில்லிலிருந்து நகலெடுக்காதீர்கள். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி அறிவிப்புப் படிவம்) போடும் நாளில் நடப்பிலுள்ள அறிவிக்கையைப் பாருங்கள். 2020 பட்ஜெட்டில் மருத்துவக் கருவிகளுக்கு வந்த சுகாதார செஸ் என்ற கூடுதல் வரியையும் சரிபாருங்கள். 1962 சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி இறக்குமதியாளரே தீர்வையைக் கணக்கிடும் சுயமதிப்பீடு என்பதால், குறியீடு பிழையானால் பதில் சொல்ல வேண்டியவர் இறக்குமதியாளர். உண்மையிலேயே குழப்பமான பொருள் என்றால், சரக்கு வருவதற்கு முன்பே அதே சட்டத்தின் 28எச் பிரிவின் கீழ், எந்தக் குறியீடு என்று முன்தீர்ப்பு கேட்கலாம்.

பில் ஆஃப் என்ட்ரியின் விவர வரியில் வெறும் "கத்திரிக்கோல்" என்று எழுதாதீர்கள். "அறுவைக் கத்திரிக்கோல், மெட்சன்பாம், 18 செ.மீ., துருப்பிடிக்காத எஃகு" என்று எழுதி, கேட்டலாக் பக்கத்தையும் இணைத்துவிடுங்கள்.