தமிழ் எழுத்தோடு லேப்பல் பின் செய்யும்போது

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவில் நான் தொண்டூழியர். பொங்கலுக்கும், ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளுக்கும் சட்டையில் குத்திக்கொள்ளும் லேப்பல் பின்களுக்கு ஆர்டர் கொடுப்பது என் பொறுப்பு. முதல் தடவை வந்த 200 பின்களிலும் 'தமிழ்' என்பது 'தமிழ' என்றிருந்தது. புள்ளியைக் காணோம். பெட்டியைத் திறந்தபோது அழுகையே வந்துவிட்டது.

பின் எப்படி உருவாகிறது என்று தெரிந்திருந்தால் அதைத் தவிர்த்திருப்பேன். படத்தை முதலில் எஃகு அச்சில் குடைகிறார்கள். அந்த அச்சைப் பித்தளை, செம்பு அல்லது இரும்புத் தகட்டின்மேல் ஓங்கி அடித்தால் கோடுகள் மேடாகவும், நிறம் வர வேண்டிய இடங்கள் பள்ளமாகவும் பதியும். பிறகு ஓரம் வெட்டி, முதுகில் ஊசியைப் பற்றவைத்து, மெருகேற்றுகிறார்கள். 25 மி.மீ. பின்னில் நான் வைத்த புள்ளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. எப்படி நிற்கும்? புள்ளியை எழுத்துருவில் உள்ளதைவிடத் தாராளமாகப் பெரிதாக்குங்கள். கோடு 0.3 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ண, ழ போன்றவற்றின் சுழிகள் அடைபடாமல் இடைவெளி விடுங்கள்.

வகை என்று பார்த்தால், எனாமல் எனும் நிறப்பூச்சில் சாஃப்ட், ஹார்ட் என இரண்டு உண்டு. சாஃப்ட் எனாமலில் முலாம் பூசிய பிறகு பள்ளத்தில் நிறத்தை ஊற்றிச் சூட்டில் காயவைப்பார்கள். நிறம் கோட்டுக்குக் கீழே நிற்பதால், விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். விலையும் குறைவு. ஹார்ட் எனாமலில் நிறத்தை நிரப்பிச் சுட்டு, மேற்பரப்பைச் சமமாகத் தேய்த்துவிட்டு, கடைசியில்தான் முலாம். கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கும், கீறலும் எளிதில் விழாது. ஆனால் அந்தத் தேய்ப்பைப் புள்ளி தாங்க வேண்டும். நான் சாஃப்ட் எனாமல் பக்கம்தான். தமிழ் எழுத்து மேடாக எழுந்து நிற்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

கோலம், ஆர்க்கிட் இதழ் என்று நிறம் நிறத்தோடு கரையும் படமென்றால், படத்தை அப்படியே அச்சிடும் வகைப் பின்களே சரி. மேலே எப்பாக்சி எனும் ஒளி ஊடுருவும் பிசின் பூச்சு கேளுங்கள். கண்ணாடித் தூளைச் சூளையில் உருக்கிச் செய்யும் பழைய க்ளுவாசனே அழகுதான். ஆனால் தொண்டூழியர் பின்னுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கோப்பு அனுப்பும்போது இன்னொரு ஆபத்து உண்டு. தொழிற்சாலைக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றி, வெக்டர் கோப்பாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மங்காத கோப்பு) அனுப்புங்கள். கூடவே ஒரு படமும்.

முதுகுப் பக்கம்: வண்ணத்துப்பூச்சி வடிவ உலோகப் பூட்டைவிட ரப்பர் பூட்டு நல்லது, கழுத்தை உறுத்தாது. பட்டுப்புடவைக்கும் ஜிப்பாவுக்கும் காந்தம் வைத்தால் துணியில் ஓட்டை விழாது. ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் காந்தப் பின் கொடுக்கவே கூடாது. ஆர்டர் கொடுக்கும்போதே கொஞ்சம் ஊசிப் பின்னும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்மூர் ஈரப்பதத்துக்கு இரும்பைவிடப் பித்தளை நல்லது.

மாதிரிப் பின் கைக்கு வராமல் சரி சொல்லிவிடாதீர்கள். படத்தைப் பலமுறை பார்த்த நம் கண், இல்லாத புள்ளியையும் இருப்பதாகவே பார்க்கும். இந்த வருட மாதிரியை மாமியாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். "புள்ளி இருக்கும்மா" என்றார். அன்று மாலையே 300 பின்களுக்குச் சொல்லிவிட்டேன்.