ஆங்கிலச் சொல்வளம்: எந்தச் சொற்களை, எப்படிக் கற்பது?

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்க விரும்பும் சிலர் அகராதியை முதற்பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கி விரைவிலேயே சோர்ந்துவிடுகின்றனர். அடிக்கடி வழங்கும் சொற்களிலிருந்து தொடங்குவதே பயன் தரும். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களும், ஆவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் பட்டியலில் 570 சொற்குடும்பங்களும் (ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைக்கும் சொற்களின் தொகுதிகள்) உள்ளன. இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன.

புதிய சொல்லைத் தனியே எழுதி வைக்காமல், அது இடம்பெற்ற முழு வாக்கியத்தையும், அதனோடு இயல்பாக இணைந்து வரும் சொல்லையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். 'டிசிஷன்' என்பதற்குப் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது. அதற்கு முன் 'மேக்' என்னும் வினை வரும், 'டூ' வராது என்பதும் தெரிந்தால்தான் பிழையின்றி எழுத முடியும். கற்பவர்கள் மிகவும் புறக்கணிக்கும் பகுதி இதுவே என்பது என் கருத்து.

குறித்தவற்றை மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பப் பார்க்க வேண்டும். அப்போது பொருளை மறைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தால், வெறுமனே படித்துச் செல்வதைவிட ஆழமாக மனத்தில் பதியும். 'ஆன்கி' போன்ற செயலிகள் இந்த இடைவெளியைத் தாமே கணக்கிட்டுத் தருகின்றன.